சுவர் காயட்டும்

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி அடையாற்றின் இரு கரையும் மூழ்கியபோது பொங்கலுக்கு 45 நாள்கள் இருந்தன. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் முடிச்சூரும் பள்ளிக்கரணையும் மிதந்தபோது 42 நாள்கள். சென்னையில் வடகிழக்குப் பருவமழையின் மூர்க்கம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும். நம் வீடுகளோ தை பிறப்பதற்குள் வெள்ளையடித்து முடிந்திருக்க வேண்டும். வெள்ளம் புகுந்த புறநகர் வீடுகளின் விதி இந்த ஆறு வாரத்தில்தான் முடிவாகிறது. வெள்ளம் செய்கிற சேதம் ஒரு பங்கு. அது வடிந்தபின், பண்டிகைக்குள் வீடு பழையபடி ஆகிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நாம் செய்கிற பழுதுபார்ப்பு சேர்க்கிற சேதம் இன்னொரு பங்கு. முதலாவதைத் தடுக்க ஏரிகளும் கால்வாய்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். அது வீட்டுக்காரர் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க அவர் கையில் இருக்கிறது. சுவர் காய்வதற்கு முன் அதன் துளைகளை அடைக்கும் எதையும் அதன்மேல் பூசக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். கேட்க எளிதாக இருக்கும் இதைக் கடைப்பிடிக்கிறவர்கள் மிகக் குறைவு.

எந்த வீடுகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை, மேற்குத் தாம்பரம் போன்ற இடங்களில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மாதச் சம்பளக்காரர்கள் கடன் வாங்கிக் கட்டிய தனி வீடுகள் அவை. பெரும்பாலும் 9 அங்குலச் செங்கல் சுவர், முன்னால் ஒரு துண்டு வாசல், பின்னால் ஒரு கிணறு அல்லது அதை மூடிய இடத்தில் சம்ப் எனப்படும் ஒரு நிலத்தடி நீர்த்தொட்டி. கட்டும்போது தெருவைவிட இரண்டு மூன்றடி உயரத்தில் இருந்த வீடுகள் இவை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்ததே இதற்குச் சாட்சி. அதற்குள் பல தெருக்களில் படியேறிப் போன வீட்டுக்குள் படியிறங்கிப் போகும் நிலை வந்துவிட்டது. தெரு உயர்ந்ததும் வீட்டுக்காரர் மண் கொட்டி வாசலையும் உயர்த்துகிறார். நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க அடிமட்டத்தில் போட்ட காப்பு அடுக்கு அந்த மண்ணுக்கடியில் புதைந்துவிடுகிறது. வெள்ளமே வராத ஆண்டிலும் முழங்கால் உயரத்துக்கு ஓதம் அடிக்கும் சுவர்கள் இப்படித்தான் உருவாகின்றன. வெள்ளம் வருவது ஏற்கெனவே பாதி நனைந்த சுவருக்கு.

ஒரு சுவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? சாதாரணச் செங்கல்லை 24 மணி நேரம் ஊறப்போட்டால் அதன் எடையில் 20 சதவீதம் வரை நீர் உறிஞ்சலாம் என்று இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. சுமார் 3 கிலோ எடையுள்ள ஒரு கல் அரை லிட்டருக்கு மேல் குடிக்கும் என்று பொருள். பத்தடி நீளமுள்ள 9 அங்குலச் சுவர் மூன்றடி உயரம் வெள்ளத்தில் நின்றால், நனைந்த பகுதியில் ஏறத்தாழ 300 கற்கள் இருக்கும். முழுக்க ஊறினால் அந்த ஒரு சுவருக்குள் மட்டும் 150 லிட்டர், அதாவது ஏழெட்டு வாட்டர் கேன் தண்ணீர் நிற்கிறது. ஒரு படுக்கையறைக்கு நான்கு சுவர்கள். தரையிலிருந்து வழித்துத் தள்ளிய தண்ணீரைத்தான் நாம் பார்த்தோம்; சுவர்கள் வாங்கி வைத்துக்கொண்ட இந்த நீர் யார் கண்ணிலும் படுவதில்லை. வெள்ளம் நின்ற கோட்டோடு அது நிற்பதுமில்லை. கல்லுக்கும் சாந்துக்கும் இடையிலுள்ள நுண்துளைகள் வழியே மேலும் ஓரிரு அடி ஏறும்.

இந்த நீர் வெளியேற ஒரே வழிதான் உண்டு: சுவரின் இரு முகங்கள் வழியாக ஆவியாகிப் போவது. மேல்பரப்பு சில நாள்களில் காய்ந்துவிடும். உள்ளே இருப்பது மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கிறவர்கள் சுவரின் தடிமனில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். குளிர் நாட்டில் பிறந்த கணக்கு அது. நம் சித்திரை வெயில் அதைக் கணிசமாகச் சுருக்கும். ஆனால் மார்கழி சுருக்காது. காற்றே ஈரமாக இருக்கும் மாதத்தில் சுவரின் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை. ஆறே வாரத்தில் 9 அங்குலச் சுவர் காய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார் என்று பொருள். உள்ளங்கைக்குத் தெரிவது மேல்தோல் மட்டும்தான்.

அந்த நிலையில் இரண்டு கை பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் பூசினால் என்ன நடக்கும்? எமல்ஷன் உலர்ந்ததும் ஒரு மெல்லிய படலமாகிறது. நீர் வெளியேறும் வேகம் அங்கே பெரிதும் குறைந்துவிடுகிறது. உள்ளிருக்கும் ஈரம் செங்கல்லிலும் மணலிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்பை நோக்கி வருகிறது; வெள்ளத்தில் சாக்கடை கலந்திருந்தால் அதன் உப்புகளும் சேர்ந்து வரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாக இறுகி விரியும். படலத்துக்குப் பின்னால், பட்டிக்கும் பூச்சுக்கும் நடுவே அது விரியும்போது வண்ணம் குமிழ் குமிழாக உப்புகிறது. பிறகு தாள் தாளாக உரிகிறது. கடைசியில் பூச்சே பொருக்குத் தட்டி உதிர்கிறது. கீழே அடைபட்ட ஈரம் அடைபடாத இடம் தேடி மேலே ஏறுவதால், முதல் ஆண்டு மூன்றடியில் இருந்த கறை அடுத்த ஆண்டு நாலரை அடியில் தெரியும். வீட்டுக்காரர் வண்ணத்தின் தரத்தைக் குறை சொல்லி, அடுத்த பொங்கலுக்கு விலை கூடிய டப்பா வாங்குவார்.

இதைச் சொல்லும்போது பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை இழிவாகப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த வழக்கம் மழைக்காலம் முடிந்த வீட்டுக்குச் சரியான வைத்தியம். வாளியில் இருந்தது சுண்ணாம்பாக இருந்தவரை. சுண்ணாம்பு சுவரின் துளைகளை அடைப்பதில்லை, ஈரம் அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும். அதன் காரத்தன்மை பூஞ்சையையும் எளிதில் அண்டவிடாது. ஆண்டுக்கொருமுறை உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு மறுபடி அடிப்பது என்பதே, உப்பை வெளியே வரவிட்டுத் துடைத்தெடுக்கும் ஏற்பாடுதான். நாம் நாளை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றினோம். ஏழெட்டு ஆண்டு உழைக்க வேண்டிய படலத்தை ஆண்டிலேயே ஈரம் மிகுந்த நேரம் பார்த்துப் பூசுகிறோம்.

ஓதத்தைத் தடுக்கும் பூச்சுகளும் கலவைகளும் கடையில் வரிசையாக இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றை அடித்தால் போதாதா என்று கேட்கலாம். அவை ஏமாற்றுப் பொருள்கள் இல்லை. மொட்டை மாடியிலும் மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் அவற்றுக்கு வேலை உண்டு. வெளியிலிருந்து வரும் நீரை வெளியிலேயே நிறுத்துவதற்குச் செய்யப்பட்டவை அவை. நீர் உள்ளே புகுந்தபின் உள்முகத்தில் அடித்தால், திருடனை உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்ட கதைதான். சுவர் காய்ந்திருக்க வேண்டும் என்று டப்பாவின் பின்புறத்திலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை வாசிப்பவர்தான் இல்லை. மேஸ்திரி சொல்லும் மாற்று இன்னொன்று: ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில் நீர்த்தடுப்புத் திரவம் ஊற்றிக் கெட்டியாகப் பூசிவிடுவது. இதுவும் அதே தவற்றைத் தடிமனாகச் செய்வது. வெள்ளம் பார்த்த தெருக்களில் அண்மைக் காலமாகப் பரவியுள்ள மூன்றாவது வழி, கூடத்திலும் படுக்கையறையிலும் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடுவது. அடுத்த முறை தண்ணீர் வந்தால் கழுவிவிடலாம் என்ற யோசனை புத்திசாலித்தனமாகத் தோன்றும். காய்ந்த சுவரில், வெளிமுகம் மூச்சுவிடும்படி விட்டு ஒட்டினால் அது ஓரளவு சரியும்கூட. ஈரச் சுவரில் ஒட்டினால் ஓதம் டைல்ஸுக்கு மேலே, ஐந்தாவது அடியில் தலைகாட்டும்.

காயவிடுவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று பொருளில்லை. தண்ணீர் வடிந்த முதல் வாரத்தில் வேலை அதிகம். சேறு உலர்வதற்குள் வழித்துக் கழுவ வேண்டும். உலர்ந்தால் சிமென்ட் போல ஒட்டிக்கொள்ளும். புறநகர் வெள்ளத்தில் பாதாளச் சாக்கடையும் கழிவுத் தொட்டியும் கலந்திருக்கும் என்பதால், கையுறையும் காலணியும் இல்லாமல் இதில் இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு அழைப்பு. சம்ப்பை உடனே காலியாக்கும் அவசரமும் ஆபத்தானது. சுற்றியுள்ள மண் நீரால் நிறைந்திருக்கும்போது வெறுமையான தொட்டியைக் கீழிருந்து நீரழுத்தம் தூக்கும். அடித்தளம் விரிசல் விடும். தெருவில் நீர்மட்டம் இறங்கிய பிறகு, படிப்படியாக இறைத்துக் கழுவி, குளோரின் மருந்திட்டு மறுபடி கழுவுவதே முறை. பஞ்சு மெத்தை, நார்ப்பலகை அலமாரி, மாடுலர் சமையலறையின் அடிப்பெட்டிகள் ஆகியவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை உப்பினால் பழைய அளவுக்குத் திரும்பாது. 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்று தரநிலை கேட்கும் மரைன் பிளைவுட் தப்பும். மலிவான பிளைவுட் தப்பாது. தேக்குக் கதவு தப்பும், நிழலில் மெதுவாகக் காய்ந்தால். இங்கேயும் அவசரம் குறுக்கே வருகிறது. உப்பிய கதவு மூடவில்லை என்று டிசம்பரிலேயே தச்சரை அழைத்து இழைத்துவிடுகிறோம். ஏப்ரலில் கதவு சுருங்கியதும் விரலளவு சந்து நிற்கும்.

மின்சாரத்தில் காத்திருப்பு விருப்பத்துக்கு உரிய விஷயம் இல்லை, கட்டாயம். சுவருக்குள் ஓடும் குழாய்களிலும் ஜங்ஷன் பாக்ஸ்களிலும் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கியிருக்கும். மூழ்கிய ஸ்விட்சுகளையும் எம்.சி.பி.க்களையும் காயவைத்து மறுபடி மாட்டக் கூடாது, மாற்ற வேண்டும். ஒயர்களை மெக்கர் என்ற கருவி வைத்துச் சோதித்து, ஒவ்வொரு சர்க்யூட்டிலும் மின்காப்பு குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டிய பிறகே மின்னிணைப்பு தர வேண்டும். ‘லைட் எரிகிறதே’ என்பது சோதனை ஆகாது.

இனி சுவர். வெள்ளக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லை வெளிக்காட்டுவதுதான் செய்யக்கூடியதில் மிகப் பயனுள்ள வேலை. பலருக்கு இது வீட்டை இன்னும் அலங்கோலமாக்குவதாகத் தோன்றும். ஆனால் ஊறிய பூச்சோடு அதில் தங்கிய உப்பும் சாக்கடையும் போகிறது. கல்லுக்கு நேராகக் காற்றுப் படுகிறது. ஸ்கர்ட்டிங்கையும் பெயர்த்துவிட வேண்டும். டைல்ஸுக்கு அடியிலுள்ள மணல் படுகையில் நிற்கும் நீர் மேலே வர வழியின்றிச் சுவரோரமாகத்தான் ஏறும். அதற்கு வாசல் அங்கே வேண்டும். வெளியே வெண்மையாகப் பூக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து உள்ளே போய்விடும். காய்ந்த தூரிகையால் துலக்கி, கூட்டி அள்ளிவிட வேண்டும். ஜன்னல்களை அதிகாலையிலிருந்தே திறந்து வைப்பதைவிட, காற்று வறண்டிருக்கும் பிற்பகலில் எதிரெதிராகத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வைப்பது மேல். ஹீட்டர், ஹாலஜன் விளக்கு வைத்து வாட்டுவது மேல்புறத்தை மட்டும் வேகமாக உலர்த்தி வெடிக்க வைக்கும். காய்ந்துவிட்டதா என்பதை அறிய ஈரமானி என்ற சின்னக் கருவி இருக்கிறது. அது இல்லாதவர்களுக்கு, கான்கிரீட்டுக்கென்று அமெரிக்கத் தரநிலை ஒன்று சொல்லும் எளிய சோதனை செங்கல் சுவருக்கும் உதவும். ஒன்றரையடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுவிட்டு எடுத்துப் பார்ப்பது. தாளின் உட்புறத்தில் நீர்த்துளி இருந்தாலோ அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ சுவர் இன்னும் காயவில்லை. பண்டிகைத் தேதியை நம்புவதைவிட இதை நம்பலாம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது உடல்நலம் பற்றியது. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் மாதக்கணக்கில் ஈரச் சுவரோடு வாழ முடியுமா, பூஞ்சை பிடிக்காதா? பிடிக்கும். நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை வளரத் தொடங்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உண்மையான தொல்லை. ஆனால் பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் உணவும். வண்ணம் அடிப்பதால் இரண்டுமே குறைவதில்லை, கண்ணில் படாமல் போகின்றன, அவ்வளவுதான். பூச்சு எடுத்த வெறும் செங்கல்லில் பூஞ்சை தின்ன அதிகம் இல்லை. வண்ணம், பட்டி, துணி, பலகை ஆகியவற்றில்தான் அது செழிக்கும். எனவே மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு அலங்கோலமான செங்கல் சுவர், அழகாக மூடிய ஈரச் சுவரைவிடப் பாதுகாப்பானது. அந்த வீட்டில் இருக்கவே முடியாத நிலை என்றால், தேவை வேறு தங்குமிடம்.

பணம் அடுத்த மறுப்பு. பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூச ஆகும் செலவை, எல்லாம் இழந்து நிற்கும் குடும்பத்திடம் சொல்வது எளிதா? இல்லைதான். அரசு நிவாரணம் இந்தச் செலவைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மிக்ஜாமின்போது குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கம் தரப்பட்டது. அப்போதிருந்த பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி, பகுதி சேதமடைந்த கல் வீட்டுக்கு 6,500 ரூபாய். அதற்கும் குறைந்தது 15 சதவீதமாவது சேதம் இருக்க வேண்டியிருந்தது. விழாமல் நிற்கும் ஈரச் சுவர் அந்தக் கண்ணுக்குச் சேதமே இல்லை. காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் ஏற்பாட்டில் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிரிஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கிறது. வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போனால் மாற்று இடத்து வாடகையையும் சேர்த்துக்கொள்கிறது. வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு, தானாகவே சேர்கிறது. காருக்குத் தவறாமல் பிரீமியம் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குக் கட்டுகிறார்கள்? கட்டியவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சர்வேயர் வந்து பார்ப்பதற்குள் வண்ணம் அடித்துவிட்டால் சாட்சியை நாமே அழித்ததாகும். காப்பீடு இல்லாதவர்களுக்கும் காத்திருப்பது செலவு வைப்பதில்லை. தையில் ஒருமுறையும், உரிந்ததால் மறு தையில் இன்னொருமுறையும் அடிப்பதுதான் செலவு. வாடகை வீடுகளில் சிக்கல் வேறு விதம். புது வண்ணம் அடித்தால்தான் ஆள் வரும் என்று உரிமையாளர் அவசரப்படுவார். அந்தச் சுவர்களுக்குள் வாழப்போகிறவர் குடித்தனக்காரர். வெள்ளம் புகுந்த பகுதியில் ஜனவரியில் வீடு பார்க்கிறவர்கள் புது வண்ணத்தின் வாசனையைக் கண்டு மகிழாமல் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த ஆண்டும் தண்ணீர் வரப்போகிறது, எதற்கு இத்தனை பாடு, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமே என்பவர்களும் உண்டு. இந்தப் பகுதிகளில் பல வீடுகள் அப்படித் தூக்கப்பட்டிருக்கின்றன. அனுபவமுள்ள பொறியாளர் மண்ணையும் சுவரையும் சோதித்துச் சரியென்றால் அது நல்ல தீர்வு. ஆனால் மூன்றடி உயரத்துக்குப் போன பிறகும் அதே ஈரச் சுவர்தான் மேலே போகிறது. தூக்குவது அடுத்த வெள்ளத்துக்கான ஏற்பாடு. போன வெள்ளத்தின் நீர் இன்னும் உள்ளே இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் வேளச்சேரி ஏரியையும் சுருக்கிவிட்டு வீட்டுக்காரருக்கு மட்டும் அறிவுரை சொல்வது நியாயமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நியாயமில்லை. ஏரியை மீட்கச் சொல்லும் கோரிக்கை எந்த வகையிலும் குறையக் கூடாது. ஆனால் அது நிறைவேறும்வரை சுவர் காத்திருக்காது.

அரசும் உள்ளாட்சியும் இதில் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. வெள்ளம் வடிந்ததும் பிளீச்சிங் பவுடரும் மருத்துவ முகாமும் வருகின்றன. அவற்றோடு வார்டுக்கு ஓர் ஈரமானியும், அதைப் பார்த்து எழுதித்தர ஒரு பொறியாளரும் வரலாம். உள்ளூர் மின்பணியாளர்களைக் கொண்டு மெக்கர் சோதனையை இலவசமாகச் செய்து தரலாம். நிவாரணக் கணக்கெடுப்புப் படிவத்தில் சுவரில் நீர் நின்ற உயரத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கலாம். எந்தத் தெருவில் எத்தனை அடி என்ற விவரம் அடுத்த ஆண்டுக் கால்வாய் வேலைக்கும் உதவும்.

உங்கள் வீட்டில் தண்ணீர் வந்திருந்தால், இந்தத் தையில் நனைந்த பகுதியைச் செங்கல்லாகவே விட்டுவைத்து, மேலே நனையாத பகுதிக்கு மட்டும் வெள்ளையடித்துப் பொங்கல் வையுங்கள். கீழேயும் வெள்ளை தெரிந்தாக வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். பாலித்தீன் தாள் உலர்ந்து வந்தபின், அநேகமாக வைகாசியில், சுண்ணாம்பு கலந்த மென்மையான சாந்தில் பூசி, அது காய ஒரு மாதம் விட்டு, கடைசியாக வண்ணத்துக்குப் போங்கள்.